கரேலியா வெண்ணெயும் ரேஷன் பாமாயிலும்: ஊர்ச் சாப்பாட்டை மாற்றுவது யார்?

உழைக்கிற உடம்பை நோய் அண்டாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். பின்லாந்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் வட கரேலியா மாகாணத்தின் கதை அந்த நம்பிக்கையை உலுக்கிவிடும். காடும் ஏரியுமாகக் கிடக்கிற பிரதேசம் அது. எல்லை தாண்டினால் ரஷ்யா. 1960களில் அங்கே பல ஆண்களுக்குப் பிழைப்பு மரம் வெட்டுவதும் மாடு வைத்துப் பால் கறப்பதும்தான். உட்கார்ந்து தின்கிற கூட்டம் என்று யாரும் அவர்களைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் உலகத்திலேயே மாரடைப்பால் அதிகமாகச் செத்த ஆண்கள் அவர்கள்தான். நாற்பது வயதைத் தாண்டாதவர்கள்கூட அதில் இருந்தார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1950களின் கடைசியில் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வு’, இதயநோய் நாட்டுக்கு நாடு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதை எண்களில் காட்டியது. நோய் மிகக் குறைவான கோடியில் கிரேக்கத்தின் கிரீட் தீவு நின்றது, மிக அதிகமான கோடியில் கிழக்கு பின்லாந்து. இரண்டு இடத்திலும் கொழுப்பைத் தாராளமாகத்தான் சாப்பிட்டார்கள். கிரீட்டில் அது ஆலிவ் எண்ணெய், கரேலியாவில் வெண்ணெய். ரொட்டிக்கு வெண்ணெய், குடிக்கக் கொழுப்பு எடுக்காத பால், கொழுத்த பன்றி இறைச்சி, எல்லாவற்றிலும் அள்ளிப் போட்ட உப்பு. ஆண்களில் பாதிப்பேர் புகைத்தார்கள். காய்கறி என்பது ஆடுமாடு தின்கிற சமாசாரம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். நாள் முழுக்கக் கோடாலி பிடித்தாலும், தட்டில் விழுவது இப்படி இருந்தால் இதயம் தாங்காது என்பதற்கு அவர்களே சாட்சி.

1971 ஜனவரியில் மாகாண ஆளுநர் எசா டிமோனென் தலைமையில் அங்குள்ள பிரதிநிதிகள் தலைநகர் ஹெல்சிங்கிக்கு ஒரு மனு கொடுத்தார்கள். ‘எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள்’ என்பதுதான் சாரம். அடுத்த ஆண்டே வட கரேலியா திட்டம் தொடங்கியது. அதை நடத்த வந்த பெக்கா புஸ்கா என்ற மருத்துவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முதலில் ஐந்து ஆண்டுக்கு என்று போட்ட திட்டம், நாடு முழுக்கப் பரவி 1997 வரை ஓடியது.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கடைசியில் வரும் சதவீதங்களுக்கு நேரே போய்விடுவார்கள். எனக்கு நடுவில் நடந்ததுதான் சுவாரசியம். எது கெடுதல் என்று துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்தால் மட்டும் ஒன்றும் ஆகாது என்பது புஸ்காவின் குழுவுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. வீட்டில் குழம்பை யார் வைக்கிறார்களோ அவர்களிடம் போக வேண்டும். பின்லாந்தில் மார்த்தா என்று ஒரு பழைய இல்லத்தரசிகள் சங்கம் உண்டு, கிராமத்துக்குக் கிராமம் கிளையோடு. அந்தப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ‘நீண்ட ஆயுள் விருந்து’ என்ற பெயரில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். உரை கொஞ்சம்தான், சமையல்தான் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த அதே இறைச்சிக் குழம்பையே வைத்தார்கள். இறைச்சியையும் கொழுப்பையும் குறைத்து, கிழங்கையும் காரட்டையும் கூட்டி, உப்பைக் கொஞ்சம் கையடக்கினார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் பார்த்தார்கள், பரவாயில்லையே என்றால் வீட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். வெளியூர்ச் சாலட்டைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள்.

அப்புறம் கடைக்காரர்களும் உற்பத்தியாளர்களும். சாசேஜ் என்பது இறைச்சியை அரைத்துக் குழல்போல அடைத்து விற்கிற பண்டம்; உள்ளூர் சாசேஜ் தயாரிப்பாளர் ஒருவரோடு பேசி, சாசேஜில் பன்றிக் கொழுப்பைக் குறைத்துக் காளானைச் சேர்க்க வைத்தார்கள். வாங்குகிறவர் மனம் மாறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமல் அவர் தட்டில் கொழுப்பு குறைந்துவிட்டது. பால் பண்ணைக்காரர்களோடுதான் பெரிய சண்டை. மக்கள் வெண்ணெயை விட்டால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும்? நியாயமான கேள்விதான். பழிசொல்லிவிட்டுப் போகாமல் அதற்கும் ஒரு வழி பார்த்தார்கள்: அந்தக் குளிரிலும் விளையக்கூடிய பெர்ரிப் பழங்களைப் பயிரிட 1980களில் ஒரு திட்டம். பெர்ரி சாப்பிடுவது ஆரோக்கியம், பெர்ரி விற்பது வருமானம். அதே போக்கில் அந்நாட்டு மண்ணிலேயே விளையும் ரேப்சீட் என்ற கடுகு இனத்து வித்திலிருந்து எடுக்கும் எண்ணெயும் சமையலறைக்குள் வந்தது.

ஊருக்கு ஊர் போட்டியும் வைத்தார்கள். எந்த ஊரின் சராசரி கொலஸ்ட்ரால் அதிகம் இறங்குகிறதோ அந்த ஊர் ஜெயித்தது. புகையை விட நினைக்கும் சிலரைத் தொலைக்காட்சியில் உட்கார வைத்து, வாராவாரம் அவர்கள் படும் பாட்டை நாடே பார்க்க வைத்தார்கள். கிராமத்தில் நாலு பேர் பேச்சைக் கேட்கிற ஆட்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள், இது எந்த நாட்டிலும் பொருந்தும்.

பலன்? 1972இல் வட கரேலியா ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால், நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிற கணக்கில் சொன்னால், 265ஐ ஒட்டி இருந்தது. சராசரியே அவ்வளவு! 2007 வாக்கில் அது 210க்கு வந்தது. புகைக்கும் ஆண்கள் 52 சதவீதத்திலிருந்து 1997க்குள் 31 சதவீதமாகக் குறைந்தார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற பழக்கம், பத்தில் ஒன்பது பேரிடம் இருந்தது, ஏறக்குறைய ஒழிந்தே போனது. 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆண்களின் இதயநோய் மரணம், திட்டத்துக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால், 2000களின் நடுப்பகுதிக்குள் சுமார் 85 சதவீதம் குறைந்தது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டுக் கதை சொல்லக்கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திட்டம் இல்லாமல் விட்டு வைத்த பக்கத்து மாகாணம் குவோபியோவிலும் மரணம் நன்றாகவே குறைந்தது. அப்படியானால் திட்டத்தின் பங்கு எவ்வளவு, காலமாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று நிபுணர்கள் நெடுநாள் வாதாடினார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சி மாகாண எல்லையில் நின்றுவிடுமா? புது எண்ணெய் பக்கத்து ஊர்க் கடைக்குப் போகாதா? சட்டமும் சந்தையும் பரப்புகிற மாற்றத்தை ஒரு மாகாணத்துக்குள் அடைத்து அளக்க முடியாது என்பதுதான் என் கணிப்பு. திட்டக்காரர்களுக்குப் பேர் குறைந்தால் குறையட்டும், பின்லாந்துக்காரர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இனி சென்னைக்கு வருவோம். இங்கேயும் ஒரு கதை இருக்கிறது, அளவில் சின்னது, ஆனால் வட கரேலியா சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

1990களின் நடுவில் மருத்துவர் வி. மோகனின் குழு சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்தது. ஒன்று திருமங்கலத்தில் இருக்கும் ஏசியாட் காலனி, நடுத்தர வருமானக்காரர்கள். இன்னொன்று தி.நகரில் இருக்கும் பாரதி நகர், குறைந்த வருமானக்காரர்கள். இரண்டிலும் சேர்த்து 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேர். ஏசியாட் காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், பாரதி நகரில் 6.5 சதவீதம் பேருக்கு. அன்றைய பேச்சு வழக்கில் சர்க்கரை ‘பணக்கார வியாதி’. எண்களும் அதற்கு ஒத்துப் போயின.

கணக்கெடுப்பு முடிந்ததும் ஏசியாட் காலனியில் கூட்டம் போட்டு, சாப்பாட்டைப் பற்றியும் நடைப்பயிற்சியைப் பற்றியும் விளக்கினார்கள். குடியிருப்போர் கேட்டுவிட்டுக் கலைந்து போய்விடவில்லை. நடக்க இடம் வேண்டுமே என்று யோசித்து, தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி, காலனிக்குள் ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். அறிவுரை மட்டும் இருந்து பூங்கா இல்லாமல் போயிருந்தால் இந்த எண் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பத்தாண்டு கழித்து மறுபடி இரண்டு இடத்திலும் கணக்கெடுத்தார்கள். ஏசியாட் காலனியில் சர்க்கரை நோய் 12.4இலிருந்து 15.4 ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5இலிருந்து 15.3. அதாவது பணக்கார வியாதி பத்தே வருடத்தில் எல்லோருடைய வியாதியும் ஆகிவிட்டது.

இந்த முழு வித்தியாசத்தையும் ஒரு பூங்காவின் கணக்கில் எழுதிவிட முடியாது. அந்தப் பத்தாண்டுகளில் குறைந்த வருமானக் குடும்பங்களின் வாழ்க்கையே மாறியது. கைப்பம்பு போய்க் குழாய் வந்தது, அம்மியும் உரலும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன, சைக்கிள் போய்த் தவணையில் பைக் வந்தது. இதெல்லாம் வரவேண்டியவைதான், பெண்கள் அம்மியிலேயே அரைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. (‘அந்தக் காலத்தில் பாட்டி குனிந்து கோலம் போட்டாள், ஆரோக்கியமாக இருந்தாள்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளை அனுப்புகிறவர் பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பார்.) பிரச்சினை என்னவென்றால், வேலையோடு வேலையாக உடம்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அசைவு போனது, அதற்குப் பதிலாகத் தனியாக அசைய இடமும் நேரமும் வரவில்லை. ஏசியாட் காலனிக்காரர்களிடம் காலி இடம் இருந்தது, பணம் இருந்தது, சங்கம் இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில் குடியிருக்கிறவர் எங்கே போய்ப் பூங்கா கட்டுவார்?

2024இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உடம்புக்குத் தேவையான அளவு அசைவதில்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். தேவையான அளவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒன்றும் பெரிய மலையில்லை: வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு லேசாக வாங்குகிற மாதிரியான வேக நடை. தினம் இருபது நிமிடம் என்று சொன்னால் எளிதாகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்த இருபது நிமிடத்தை ஒரு பெண்ணின் நாளில் எங்கே பொருத்துவது? காலை ஐந்தரைக்கு எழுந்து டிபனும் மதியச் சாப்பாடும் செய்து, பிள்ளைகளை வேன் ஏற்றி, தானும் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடக்கக் கிளம்பினால், நடைபாதையில் பைக் நிற்கிறது. அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர், அதற்கடுத்துக் கடையின் பெயர்ப்பலகை. அப்புறம் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். தெருவிளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிகிறது. நாய்கள். ‘இந்நேரத்துக்கு எங்க கிளம்பிட்ட?’ என்ற கேள்வி வேறு. இத்தனையையும் தாண்டி நடக்கிற பெண்களும் இருக்கிறார்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொண்டு, சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு. அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும், ஆனால் ஒரு அரசுத் திட்டம் அவர்களுடைய மன உறுதியை நம்பி நிற்கக்கூடாது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு பாதை, எட்டு கிலோமீட்டர் நீளம். நல்ல எண்ணம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், அங்கே போய்ச் சேர முக்கால்வாசிப் பேர் வண்டி எடுக்க வேண்டும். நடப்பதற்காக வண்டியில் போவது ஏற்கெனவே நடக்கும் பழக்கமுள்ளவர் செய்கிற காரியம். சென்னையில் 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியது வேறு வகை. அங்கே பாத்திரமும் துணியும் வாங்க வந்தவர்கள் உடற்பயிற்சி என்று நினைக்காமலே ஒரு கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போகிறார்கள். பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் போகிற பாதைகள் இப்படி இருந்தால் 150 நிமிடக் கணக்கை யாரும் போட வேண்டியிருக்காது.

பிள்ளைகள் கதையும் இதேதான். அவர்களுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பது உலகக் கணக்கு. நம் பள்ளிக்கூடங்களில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

நடையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கரேலியா மரவெட்டிகளை மறந்துவிடக் கூடாது. நடந்தால் மட்டும் போதாது. பூங்காவைச் சுற்றி நாலு சுற்று வந்துவிட்டு, வாசலில் இருக்கிற கடையில் சூடாக இரண்டு வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிட்டால், சுற்றில் செலவானது வடையில் திரும்பி வந்துவிடும். அந்த வடை எந்த எண்ணெயில் வெந்தது என்பது அடுத்த கேள்வி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்குகிற ஏற்பாடும் இருக்கிறது. டீக்கடைச் சட்டி வரை அது வந்து சேர்ந்திருக்கிறதா என்பது சட்டியைப் பார்த்தாலே தெரியும்.

சாப்பாட்டில் நம்முடைய வெண்ணெய் எது என்று கேட்டால், அரிசி என்றுதான் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியர்களுக்குக் கிடைக்கிற கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. அதிலும் தீட்டிய அரிசி, மைதா, ரவை, சர்க்கரை போன்றவைதான் அதிகம். அதே ஆய்வின் 2023 கணக்கில் தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; நாட்டின் சராசரி 11.4. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை: மூன்றும் ஒரே அரிசியின் மூன்று வேடம். மதியத் தட்டைப் பாருங்கள், நடுவில் சோற்று மலை, அதன் அடிவாரத்தில் ஒரு கரண்டி பொரியல். ‘சோறு போடவா?’ என்று கேட்பது நம் உபசாரம், ‘பொரியல் போடவா?’ என்பது இரண்டாம் பட்சம்தான்.

சரி, இதை மாற்றினால் பலன் இருக்குமா என்றால், இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு அந்த மூன்றாண்டில் நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் பற்றித் தொடர்ந்து நேரில் சொல்லி, ஃபோன் செய்து, விடாமல் கவனித்த குழுவில் அது 39 சதவீதம். மாத்திரை மட்டும் கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நோய் தள்ளிப் போனது. ‘ஒரு மாசமா நடக்கிறேன், அரைக் கிலோகூடக் குறையலை’ என்று சலித்துக்கொண்டு நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் ஒவ்வொருவரையும் மூன்றாண்டு விடாமல் ஃபோனில் கூப்பிட்டுக்கொண்டிருக்க எந்த அரசாலும் முடியாது. அங்கேதான் சாசேஜ்காரர் முக்கியமாகிறார். நம் ஊரில் அவருடைய இடத்தில் இருப்பது யார்? அரசுதான். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் தட்டில் எது விழுகிறது என்பதை இவ்வளவு நேரடியாகத் தீர்மானிக்கிற வேறு கை இல்லை.

பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மதிய உணவு காமராஜர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆரால் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. இரண்டு திட்டமும் பசியைப் போக்கப் பிறந்தவை, அதில் அவற்றின் சாதனையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். இப்போது அதே அடுப்பு இன்னொரு வேலையும் செய்யலாம். காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வருகிறது. அந்தக் கிச்சடியில் காய் எவ்வளவு விழுகிறது, சாம்பாரில் பருப்பு எவ்வளவு, ரவைக்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் சிறுதானியமா என்பதெல்லாம் ஒரு அரசாணையின் விஷயம். ஆறு வயதில் கேழ்வரகின் ருசி நாக்குக்குப் பழகிவிட்டால், நாற்பது வயதில் டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இலிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். களி கிண்டுகிற கை இன்னும் இருக்கிற மாவட்டங்களில் தொடங்கியது புத்திசாலித்தனம்.

கடைச்சரக்கில் அரசு எப்படிக் கைவைக்கலாம் என்பதற்கு இலங்கையில் ஒரு உதாரணம். 2016இலிருந்து அங்கே குளிர்பானப் பாட்டில்களில் சர்க்கரைக்கு நிற அடையாளம் கட்டாயம். நூறு மில்லியில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, நடுவில் இருப்பது மஞ்சள். அடுத்த ஆண்டு சர்க்கரை அளவை வைத்து வரியும் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சோடா வாங்குகிற பையன் கிராம் கணக்கைப் படிக்கத் தேவையில்லை, நிறத்தைப் பார்த்தால் போதும். இந்தியாவில் பொட்டலத்தின் முன்பக்கம் நட்சத்திரம் போடலாமா, எச்சரிக்கை போடலாமா என்ற விவாதம் 2022இல் வந்த வரைவிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனிகளுக்கு நட்சத்திரம் பிடிக்கிறது. உப்பும் சர்க்கரையும் நிறைந்த பண்டம்கூட ஒன்றரை நட்சத்திரம் வாங்கிக்கொண்டு கௌரவமாக நிற்கலாமே!

எல்லாவற்றையும்விடப் பெரிய நெம்புகோல் ரேஷன் கடை எண்ணெய். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் கொடுக்கிறார்கள், லிட்டர் 25 ரூபாய். வெளியில் எந்த எண்ணெயும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் ஏழை வீட்டுத் தாளிப்பும், வடையும், அப்பளமும் பாமாயிலில்தான். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகைக் கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெண்ணெயில் இருந்துகொண்டு கரேலியாக்காரர்களின் ரத்தக்குழாயை அடைத்ததும் இந்த நிறைகொழுப்புதான்.

இதே நிலைமையில் இருந்து, மாற்றியும் காட்டிய ஒரு நாடு உண்டு. மொரீஷியஸ். தமிழர்களும் தலைமுறைகளாக வாழும் தீவு. அங்கேயும் அரசு விலை கட்டுப்படுத்திக் கொடுத்த ‘ரேஷன் எண்ணெய்’ பெரும்பாலும் பாமாயில்தான். 1987இல் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது, அந்த எண்ணெயின் கலவையை மாற்றிச் சோயா எண்ணெயாக ஆக்கிவிட்டார்கள். மக்கள் வழக்கம்போல ரேஷன் எண்ணெயை வாங்கினார்கள். 1992இல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, நாட்டின் சராசரி கொலஸ்ட்ரால் சுமார் 213இலிருந்து 182க்கு இறங்கியிருந்தது. ஐந்தே ஆண்டு. அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான யாக்கோ டுவோமிலெஹ்டோ, வட கரேலியாவில் புஸ்காவோடு வேலை செய்தவர். பாடம் ஆள் மூலமாகவே கடல் தாண்டியிருக்கிறது.

மொரீஷியஸ் இன்னொன்றையும் காட்டியது. கொலஸ்ட்ரால் இறங்கிய அதே ஐந்தாண்டில் அங்கே உடற்பருமன் கூடியது, சர்க்கரை நோய் குறையவில்லை. எண்ணெயை மாற்றுவது இதயத்துக்கு உதவும். சோற்று மலைக்கும் நடக்க இடமில்லாத தெருவுக்கும் எண்ணெய் மருந்தாகாது. அதனால்தான் எண்ணெய், அரிசி, நடைபாதை மூன்றையும் தனித்தனி இலாகாக்களின் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொண்டிருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டு விவசாயச் சங்கங்கள் பாமாயிலுக்குப் பதிலாக உள்ளூர் எண்ணெயைக் கொடுங்கள் என்று நெடுநாளாகக் கேட்டுவருகின்றன. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்ததை இறக்குமதி செய்து மானியத்தில் விற்பதற்கு, இங்கே விளைவதை வாங்கலாமே என்பது அவர்கள் வாதம். கரேலியாவின் பெர்ரித் திட்டத்தைப் போல விவசாயிக்கும் வழி, சாப்பிடுகிறவருக்கும் வழி என்று பார்த்தால் அதில் நியாயம் நிறையவே இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்: பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிற கோரிக்கை தேங்காய் எண்ணெய்க்கானது. தென்னை விவசாயியின் கஷ்டம் உண்மை, ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு பாமாயிலைவிடவும் மிக அதிகம், எண்பது சதவீதத்துக்கு மேல். இதயத்தை நினைத்து மாற்றுவதாக இருந்தால் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோதான் கணக்குக்கு வரும். அவற்றின் விலை அதிகம், மானியச் செலவு கூடும். முழுவதும் முடியாவிட்டால் மொரீஷியஸ் வழியில் கலவையில் தொடங்கலாம். எந்த எண்ணெய், எவ்வளவு விகிதம், அதில் நிறைகொழுப்பு அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்று கொள்முதல் டெண்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.